இரண்டு மாடும் ஒரு ஃபிரிட்ஜும்

பதினோராம் வகுப்பில் நான் சமூகவியல் எடுத்ததற்குச் சமூகத்தின் மேல் இருந்த அக்கறை காரணமில்லை. கணக்கின் மேல் இருந்த பயம்தான் காரணம். சயின்ஸ் எடுத்தால் கணக்கு வரும், காமர்ஸ் எடுத்தாலும் கணக்கு வரும். எதில் வராது என்று பள்ளியில் விசாரித்தேன். இந்த வருஷம் புதிதாகச் சமூகவியல் என்று ஒன்று வந்திருக்கிறது, அதில் வராது என்றார்கள். அது என்ன பாடம் என்று கேட்கத் தோன்றவில்லை, உடனே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குத்தான் சங்கடம். செலியமேட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும். டீக்கடையில் யாராவது மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிந்த மனிதர், அந்த வருஷத்திலிருந்து திணற ஆரம்பித்தார். ஒருநாள் நானே கூட இருந்தேன்.

"சோஷியாலஜி" என்றார் அப்பா.

"அதுல இன்னா சொல்லிக் குடுப்பாங்க?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

அப்பா என்னைப் பார்த்தார். மக்கள் எப்படி வாழ்கிறார்கள், யார் யாரோடு பழகுகிறார்கள், குடும்பம், சாதி, வேலை, இதையெல்லாம் படிப்பது என்றேன்.

"யார் வூட்ல இன்னா நடக்குதுன்னு தெரிஞ்சிக்கறது. அதானே? அதுக்கு எதுக்கு பாகூர் வரைக்கும் பஸ் ஏறிப் போவணும்? காலையில இங்க வந்து ஒரு மணி நேரம் நில்லு, போதும்."

கடையே சிரித்தது, அப்பாவும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. டீ ஆற்றுகிறவர் சொன்னது பாதி உண்மை என்பது தெரிய எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆக வேண்டியிருந்தது.

எங்கள் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய புதிது அது. புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஒரு வாக்கியம் தொடங்கினால் அரைப் பக்கம் போய்த்தான் நிற்கும், நிற்பதற்குள் தொடக்கம் மறந்துவிடும். பாடம் எடுத்த மிஸ் மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அவர் படித்தது பொருளாதாரம். சமூகவியலுக்கு ஆள் இல்லாததால் இவர் தலையில் விழுந்தது. முதல் நாளே அதை ஒளிக்காமல் சொன்னார். "உங்களுக்கு நாளைக்கு நடத்தப் போறத நான் இன்னிக்கு நைட்டு படிப்பேன். அதனால நீங்க எனக்கு ஒரு நாள்தான் ஜூனியர்." எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துவிட்டது.

அவர் ஆங்கிலத்தைக் கீழே வைத்துவிட்டு ஊரை எடுத்துக்கொள்வார். சமூகமயமாதல் என்ற பாடம் வந்தது. குழந்தை பிறக்கும்போது ஒன்றும் தெரியாமல் பிறக்கிறது, சுற்றி இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போல ஆகிறது, அதுதான் பாடம். "குழந்தை மட்டும் இல்ல, பெரியவங்களும்தான். புதுசா ஒரு ஊருக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு ஆறே மாசத்துல அந்த ஊர்ப் பொம்பளையாயிடறா இல்ல?" என்றார். தேர்வுக்கு அதை எழுதி ஐந்துக்கு நான்கு வாங்கினேன். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி லீவு முடிந்து வந்ததும் புராஜெக்ட் என்றார். ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, அதை அட்டவணை போட்டுக் கொண்டுவர வேண்டும். என் தலைப்பு, வீட்டில் உள்ள பொருள்களும் வாழ்க்கை நிலையும். வருமானம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், சுற்றி வளைத்துக் கேட்கப் பாருங்கள் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பக்கம் வசதி குறைந்த வீட்டுக்கு ரேஷன் கார்டு சிவப்பு, மற்றவர்களுக்கு மஞ்சள். அரசு உதவிகள் பெரும்பாலும் சிவப்புக்குத்தான். கார்டு நிறத்தைக் கேட்டால் வருமானம் தெரிந்துவிடப் போகிறது. முதல் கேள்வியாகவே போட்டேன்: உங்கள் ரேஷன் கார்டு என்ன நிறம்? அடுத்த கேள்வி: டிவி, ஃபிரிட்ஜ், பைக், மாடு, இவற்றில் எவை உள்ளன?

இதைவிட முட்டாள்தனமான வரிசையில் இரண்டு கேள்விகளை அடுக்க முடியாது. அன்றைக்கு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

படிவத்தின் தலையில், மிஸ் சொல்லிக்கொடுத்தபடி, என் கையெழுத்தில் ஒரு வரி: 'நீங்கள் கூறும் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.' இதுதான் ஆராய்ச்சிக்கு உயிர், நம்மை நம்பிச் சொல்வதை வெளியே விடக் கூடாது என்று ஒரு பீரியட் முழுக்க இதைப் பற்றியே பேசியிருந்தார்.

சனிக்கிழமை காலை, கழுத்தில் பள்ளி அடையாள அட்டை, கையில் அட்டை வைத்த காகிதக் கட்டு. என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்த தெரு. ஆனால் அட்டையைக் கண்டதும் முகங்கள் மாறிவிட்டன. முதல் வீட்டு அக்கா கார்டு நிறத்தைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சிவப்பு என்றாள். டிவி என்றேன். இருக்குது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "எதுக்கு பாப்பா கேக்கறாங்க?" ஸ்கூல் புராஜெக்ட் என்றேன். "ஸ்கூலுக்கு எங்க வூட்டு டிவி எதுக்கு?" புராஜெக்டுக்குத்தான் என்று மறுபடியும் சொன்னேன். ஸ்கூலுக்கு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா போனை எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டு கார்டு கணக்கெடுக்கிறார்கள், பொருள் இருக்கிறது என்று சொன்னால் சிவப்பு மஞ்சளாகிவிடும். இந்தச் செய்தி எனக்கு இரண்டு வீடு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு தெருவில் யாரிடமும் எதுவும் இல்லை. ஒரு வீட்டில் டிவி இல்லை என்று பெரியம்மா சொல்லும்போது உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். கதவு இடுக்கில் ஒரு சீரியல் மருமகள் வாயசைத்து அழுதுகொண்டிருந்தாள். "மாடியில டிஷ் இருக்கே பெரிம்மா?" "அது பக்கத்து வூட்டுது. அவுங்க மாடியில வெயில் ஜாஸ்தி." இன்னொரு வீட்டு வாசலில் புது பைக், பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. அது மூலக்குளத்தில் இருக்கும் தம்பியுடையதாம், இங்கே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போயிருக்கிறானாம்.

மாடு விஷயத்தில் தெரு தன் திறமையை முழுதாகக் காட்டியது. கண்ணெதிரே அசை போட்டுக்கொண்டிருந்த மாடுகள் எல்லாம் மாமன் வீட்டு மாடு, மச்சான் வீட்டு மாடு, தண்ணீர் காட்டக் கட்டியிருக்கும் மாடு. முப்பது வீட்டுக்கு இரண்டே மாடுகள் தேறின. இரண்டும் கறவை நின்றவை. அப்படியானால் தினமும் காலையில் பால் சொசைட்டி வாசலில் அத்தனை கேன் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் மச்சான் வீட்டுப் பால் என்றிருப்பார்கள்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தேன். அம்மாவுக்குத்தான் இது பள்ளி வேலை என்று தெரியுமே. படிவம் எழுத நான்தான் அவள் சமையலறையில் இரண்டு நாள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தேன்.

"மாடு?"

"இல்லன்னு எழுது."

"யம்மா, பின்னாடி கத்திக்கினு இருக்குது."

"கத்தட்டும். உங்க மிஸ்ஸு கையிலேர்ந்து அது யாரு யாரு கைக்குப் போவுதோ, உனக்குத் தெரியுமா? எழுதுடி, இல்லன்னு."

எங்கள் கார்டு சிவப்பு. கரும்பு வைத்திருக்கும் வீட்டுக்கு அது எப்படிச் சிவப்பு என்று கேட்டேன். அம்மா கையில் கரண்டி இருந்தது. இல்லை என்று எழுதினேன்.

முப்பது வீட்டில் ஒரே ஒரு வீடு மட்டும் வேறு மாதிரி பேசியது. தெருக்கோடியில் ஒரு சித்தி. சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவது. அவர் கணவர் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தவர், இறந்து சில வருஷம் ஆகிவிட்டது. அவர் சம்பளக் காலத்தில் வாங்கிய மஞ்சள் கார்டு அப்படியே இருந்தது. சித்தி களை எடுக்கப் போவார், மற்ற நேரம் ஜாக்கெட் தைப்பார். ஒரே மகள் அரியூர் பக்கம் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். கார்டு சிவப்பானால் மகளின் படிப்புக்கு உதவி கேட்டு எழுதிப் போடலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கார்டை மாற்றச் சொல்லி சித்தி மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும். பொய் சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் அவருக்குத்தான் இருந்தது.

"டிவி?"

"இருக்குது."

"ஃபிரிட்ஜ்?"

"இருக்குது. அவர் வாங்கினது. எங்க வூட்லதான் இந்தத் தெருவுலேயே மொதல்ல வாங்கினது, எழுதிக்கோ."

அதை எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மிஸ் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, உங்க தெருவுலேயே ஒரே ஒரு பணக்காரங்கதான் போல. யாரு அவங்க?" சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டு எழுதறது ஒண்ணு, கூட இருந்து பாக்கறது ஒண்ணு. ஒரு பத்து நாள் அவங்க வூட்டுக்குப் போய் வா. ஒண்ணும் கேக்காத, சும்மா உக்காந்திரு" என்றார்.

பள்ளி விட்டதும் சித்தி வீட்டில் போய் உட்கார ஆரம்பித்தேன். ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக் கொடுத்தேன். அவர் மகளைப் பற்றிப் பேசுவார், நான் கேட்பேன். பேச்சு நடுவே எதிர்வீட்டு அக்கா ஐஸ் தண்ணீர் கேட்டு வருவாள். "கரண்டு ஏறி ஏறி இறங்குது, ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்" என்பார் சித்தி. அவள் வந்த மூன்று நாளும் அதே பதில்தான். எங்கள் வீட்டில் கரண்டு ஏறியதாகவோ இறங்கியதாகவோ எனக்கு நினைவில்லை. உள்ளூர் ஆராய்ச்சியாளருக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஒரு மாலை மழையில் நன்றாக நனைந்து போய் நின்றேன். சித்தி துவட்டிக்கொள்ள ஒரு துண்டு எடுக்க எழுந்தார். நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார்.

உள்ளே விளக்கு எரியவில்லை. மேல் தட்டில் மடித்து வைத்த புடவைகள், கீழே மகளின் சர்டிபிகேட்டுகள் பிளாஸ்டிக் கவரில். முட்டை வைக்கும் குழிகளில் நிறம் வாரியாக நூல் கண்டுகள். கதவு ஓரத்தில் பட்டன் டப்பா. கணவர் போன அடுத்த வருஷமே ஃபிரிட்ஜும் நின்றுவிட்டதாம்.

"எலி கடிக்காது. பீரோவுல வெச்சா ஓட்ட போட்டுடுது" என்றார். பிறகுதான், திறந்தது யார் முன்னால் என்று அவருக்கு உறைத்தது. மெதுவாகக் கதவைச் சாத்தினார். "ஓடலன்னு யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா. அவர் வாங்கினது. ஓடலன்னு தெரிஞ்சா ஒவ்வொருத்தியும் வந்து பாவம்பா பாவம்பான்னுவாங்க. எனக்கு அது ஆவாது."

சொல்ல மாட்டேன் என்றேன். என் படிவத்திலேயே எழுதியிருக்கிறது என்று அந்த வரியைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெரிய மனுஷி தன் ரகசியத்தை என்னிடம் கொடுத்திருக்கிறாள், நான் உண்மையான சமூகவியல்காரி ஆகிவிட்டேன். மழைத் தண்ணீரில் வேண்டுமென்றே காலை வைத்து நடந்தேன்.

பொங்கல் கழிந்த வாரம் கார்டு மனுவை விசாரிக்க ஒரு சார் வந்தார். அவர் வந்தது சித்தி வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் பைக் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் தெரு மாடுகள் வெட்டாத கரும்புக்குள் போய்விட்டன. ஒருவரும் பதறவில்லை, கத்தவில்லை. நான் வைத்த ஒத்திகை அவ்வளவு பலன் கொடுத்திருந்தது.

சித்தி வீட்டு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். நானும் நின்றேன். அந்த சார் நல்லவராகத்தான் இருந்தார், உட்காரச் சொன்னதற்கு நன்றி சொன்னார். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஃபிரிட்ஜ் இருக்குதாம்மா?"

சொல்லுங்க சித்தி, ஓடலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன். சித்தி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"இருக்குது சார். அவர் வாங்கினது."

சார் எழுதிக்கொண்டார். பேனாவை மூடினார். "பொருள் எல்லாம் வசதியாத்தான் இருக்கு. கஷ்டம்மா" என்று எழுந்தார்.

மிஸ் ஒரு பீரியட் முழுக்கப் பேசியது எனக்கு ஞாபகம் வந்தது. அதைவிட விடுதியில் இருக்கும் அந்த அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. யோசித்துச் செய்தேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், அந்த ஃபிரிட்ஜ ஒரு தரம் தொறந்து பாருங்க."

திறந்தார். புடவைகள், சர்டிபிகேட்டுகள், வரிசையாக நூல் கண்டுகள். வாசலில் இருந்த முப்பது வீடும் எட்டிப் பார்த்தது.  எதிர்வீட்டு அக்கா, "அடியம்மா, இத்தினி நாளா நான் ஐஸ் தண்ணி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். யாரோ "பாவம்பா" என்றார்கள். சித்தி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சார் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. ஆராய்ச்சி அறம் என்றால் என்ன என்று கேட்டார்கள். தகவல் தருபவரின் நம்பிக்கையைக் காப்பது என்று தங்குதடையில்லாமல் சொன்னேன். நல்ல மதிப்பெண் போட்டார்கள். வெளியே வந்து மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டேன். மிஸ் நெடுநேரம் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். "இது நான் நைட்டு படிச்சிட்டு வந்து சொல்ற பதில் இல்லம்மா" என்றார்.

பங்குனியில் சித்திக்குச் சிவப்பு கார்டு வந்தது. மகளின் படிப்புக்கு உதவியும் வந்தது என்று அம்மா மூலம் கேள்விப்பட்டேன். சித்தி என்னிடம் பேசவில்லை. குழாயடியில் நான் வந்தால் குடம் பாதி நிறைந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அது ரொம்ப வலித்தது. நல்லது செய்துவிட்டு இப்படிக் குற்றவாளி போல் நிற்கிறோமே என்று ஒருநாள் கோபம்கூட வந்தது. குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தேன், அதற்கும் அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் மறுபடியும் புராஜெக்ட். அதே தெரு, ஒரு வருஷத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த முறை கார்டு நிறத்தைக் கேட்கவில்லை, அந்த அளவுக்கு அறிவு வந்திருந்தது. தெரு எப்போதும் போல் ஏழையாகவே இருந்தது. இருபத்தொன்பது வீடு முடித்துவிட்டுக் கடைசி வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

"உள்ள வா" என்றார் சித்தி. தண்ணீர் கொடுத்தார். மறுபடியும் மெஷின் முன் உட்கார்ந்துகொண்டார்.

"டிவி?"

"இல்ல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மூலையில் டிவி இருந்தது.

"மிக்ஸி?"

"இல்ல."

"தையல் மெஷின்?"

"இல்ல" என்றார், மிதியில் காலை வைத்துக்கொண்டே. அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. அத்தனை மாதத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்த முதல் சிரிப்பு அதுதான். அதனால் எனக்கு அழுகை வந்தது. ஐந்துக்கு நான்கு வாங்கிய அந்தச் சமூகமயமாதல் பாடம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பது வீட்டில் எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள். அவரைப் பிடித்துத் தெருவோடு சேர்த்துவிட்டது நான்தான்.

"ஃபிரிட்ஜ்?" என்று கேட்டேன். அது அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"இல்ல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினேன். சித்தி பேனாவை வாங்கவில்லை. விரலை மேலே கொண்டுபோய் என் கையெழுத்தில் இருந்த 'ரகசியமாக வைக்கப்படும்' என்ற வரியின் மேல் வைத்தார்.

"இத்த மட்டும் அடிச்சிடு பாப்பா. அப்புறம் போடறேன்."

அந்த வரியை அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.